குளிர் பழகிப்போகாது

ஒவ்வொரு வருசமும் தை மாசம் பிறந்தால் ஒரே செய்தி வரும்: "நுவரெலியாவில் துகள் உறைபனி." கூடவே ரெண்டு படம். ஒன்றில் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும். மற்றதில் கருகிப்போன தேயிலைக் கொழுந்து. தேயிலைக்கு எவ்வளவு சேதம், மரக்கறிக்கு எவ்வளவு சேதம், பனி பார்க்க வந்த உல்லாசப் பயணிகள் எவ்வளவு பேர் என்று நாலு வரி. அத்தோடு செய்தி முடிஞ்சது.

அந்தத் தேயிலை மலைக்குக் கீழேயே ஒரு லயம் இருக்கும். அதே ராத்திரி அந்தத் தகரக் கூரைக்குக் கீழே குடும்பம் குடும்பமாக ஆட்கள் படுத்திருப்பார்கள். அவர்கள் செய்தியில் வரமாட்டார்கள். கொழுந்து கருகினால் நட்டம் என்று கணக்கு எழுத ஒரு கொம்பனி இருக்கிறது. கைக்குழந்தைக்கு நெஞ்சுச் சளி கட்டினால் அது "காலநிலை".

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான். மலையகத்தில் குளிர் என்பது காலநிலைப் பிரச்சினை இல்லை, வீட்டுப் பிரச்சினை. வீட்டுப் பிரச்சினை என்றால் அது உரிமைப் பிரச்சினை.

அவங்களுக்குக் குளிர் தெரிஞ்சிருந்தது

நுவரெலியா 6,000 அடிக்கு மேலே இருக்கிறது. ஹட்டன் 4,000 அடிக்குக் கொஞ்சம் மேலே. இங்கே குளிரும் என்பது வெள்ளைக்காரத் தொரமாருக்குத் தெரியாத விசயமா? அவர்கள் தேடி வந்ததே அந்தக் குளிரைத்தான். சாமுவேல் பேக்கர் 1848இல் நுவரெலியாவில் குடியேறி இங்கிலாந்துக் காய்கறியும் மாடும் வளர்த்துப் பார்த்தார். ஊருக்கு "லிட்டில் இங்லண்ட்" என்று பேரே வந்தது.

அவர்கள் கட்டிய பங்களாவைப் போய்ப் பாருங்க. தடித்த கருங்கல் சுவர், கூரைக்குக் கீழே பலகை சீலிங், தரையில் பலகை, ஒவ்வொரு பெரிய அறையிலும் கணப்பு, கூரைக்கு மேலே ரெண்டு மூனு புகைபோக்கி. கணப்புக்கு விறகு பிளந்து அடுக்க ஒரு ஆள். அந்த ஆள் சாயந்தரம் திரும்பிப் போவது லயத்துக்கு.

லயத்தில் என்ன இருந்தது? பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிரா, முன்னால ஒரு இஸ்தோப்பு, மேலே தகரம். சீலிங் இல்லை, புகைபோக்கி இல்லை. கூரைக்கும் சுவருக்கும் நடுவில் கை நுழையும் இடைவெளி. கோப்பிக் காலத்தில் அறுவடைக்கு வந்து திரும்பிப் போகும் ஆட்கள் தங்க என்று கட்டப்பட்ட மாதிரி அது. தேயிலை வந்த பிறகு ஆட்கள் திரும்பிப் போகவில்லை, ஆனால் கட்டடத்தின் மாதிரி மாறவே இல்லை. ஒரே மலை, ஒரே கொம்பனி, ஒரே குளிர், ரெண்டு விதமான வீடு.

தொழிலாளிக்குக் கம்பளி கொடுத்தார்களே என்று யாராவது சொல்லலாம். கொடுத்தார்கள். அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். நம்ம பாட்டிமாருக்கு வந்த முதல் ஹீட்டர் கடனாகத்தான் வந்தது.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்க. தோட்டத்தில் இருபத்திநாலு மணி நேரமும் சூடு இருக்கிற ஒரு கட்டடம் உண்டு, ஃபேக்டரி. கொழுந்தை வாட்ட வெதுவெதுப்பான காற்று, காய வைக்க நூறு டிகிரிக்குக் கிட்ட சூடான காற்று. அதற்காக லொறி லொறியாக விறகு எரிகிறது. ஈரம் இருந்தால் தேயிலை கெட்டுப்போகும் என்று தெரிகிறது. ஈரத்தில் மனுசன் கெட்டுப்போவான் என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை.

தகரம் ஏன் வேர்க்குது?

நம்ம குளிர் ஒன்று இல்லை, ரெண்டு. மார்கழி, தை, மாசியில் வருவது பனிக் குளிர். மேகம் இல்லாத ராத்திரி, காற்று இல்லை, விடியற்காலையில் புல்லு வெள்ளையாகும். நுவரெலியாப் பக்கம் இதுதான் பெரிசு. ஆனி, ஆடியில் வருவது மழைக் குளிர். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் தென்மேற்குப் பருவமழை நாள் கணக்கில் நிற்காமல் பெய்யும். உடுப்பு காயாது, பாய் காயாது, சுவரில் பூஞ்சணம் ஏறும். முதல் குளிருக்கும் ரெண்டாவது குளிருக்கும் மருந்து ஒன்றில்லை. இதைப் பிரித்துப் பார்க்காமல் "ஹீட்டர் வாங்கு" என்று சொல்வதில் பிரயோசனம் இல்லை.

பனிக் குளிரில் நடப்பது இது. மேகம் இல்லாத வானம் நிலத்துக்குப் போர்வை இல்லாத மாதிரி. தகரம் தன் சூட்டை நேராக வானத்துக்குக் கொடுத்துவிட்டு, வெளிக் காற்றை விடவும் குளிர்ந்து போகும். உள்ளே ஐந்து பேர் மூச்சு விடுகிறார்கள். ஒரு ராத்திரியில் அந்த மூச்சிலும் வேர்வையிலும் மட்டும் ஒரு லீற்றருக்கு மேல தண்ணி காற்றில் கலக்கும். அது குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகி, விடியற்காலையில் சொட்டுச் சொட்டாகப் போர்வையில் விழும். "தகரம் வேர்க்குது" என்று பெரியவங்க சொல்வது இதைத்தான்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். சும்மா படுத்திருக்கும் ஒரு மனுச உடம்பு சுமார் 80 வாட் சூடு விடும். ஐந்து பேர் என்றால் 400 வாட். அதாவது ஒவ்வொரு லயக் காம்பிராவுக்குள்ளும் காசில்லாத ஒரு சின்ன ஹீட்டர் ஏற்கெனவே இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி என்றால் கூரை சுமார் 11 சதுர மீற்றர். வெளியைவிட உள்ளே 8 டிகிரி மட்டும் கூட வைத்திருக்க நினைத்தால், வெறும் தகரம் வழியாகவே 600 வாட் அளவு போய்விடும். ஐந்து பேர் உடம்பும் சேர்ந்து கொடுப்பதை விடக் கூரை ஒன்றே கூட எடுத்துக்கொள்கிறது. சுவர், கதவு, இடைவெளி எல்லாம் அதுக்குப் பிறகு.

அதே கூரைக்குக் கீழே நடுவில் காற்றுவெளி விட்டு ஒரு சாதாரண சீலிங் பலகை அடித்தால், அந்த இழப்பு பாதிக்குக் கிட்டக் குறையும். தகரம் வேர்த்தாலும் போர்வை மேல் சொட்டாது. புதிசாக ஒரு வாட் சூடு கூடத் தேவையில்லை. இருக்கிற சூட்டை ஓட விடாமல் பிடித்து வைத்தாலே போதும்.

ஹீட்டர் ஏன் தீர்வு இல்லை

நகரத்தில் வேலை செய்யும் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது ஒரு ஹீட்டர் வாங்கி வருவது இப்போது வழக்கமாகிறது. பாசம்தான், தப்புச் சொல்லவில்லை. ஆனால் 2000 வாட் ஹீட்டர் ஒரு மணிக்கு 2 யூனிட் இழுக்கும். ராத்திரி ஐந்து மணி நேரம் என்றால் 10 யூனிட், மாசம் 300 யூனிட். 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கரண்டு கட்டணம் ஏறியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். பிறகு குறைந்தாலும், மாசம் 300 யூனிட் பில்லைத் தோட்டச் சம்பளத்தில் கட்ட முடியாது.

இன்னொரு பயமும் உண்டு. 2000 வாட் என்றால் 8, 9 அம்பியர். பழைய லயத்து வயரிங்கில், பல்புக்குப் போட்ட லைனில், மல்டி பிளக் வைத்து இதைச் சொருகினால் வயர் சூடாகும். லயத்தில் ஒரு வீட்டில் பிடித்த நெருப்பு ஒரே கூரை வழியாக வரிசை முழுவதும் ஓடும் என்பதை நாம் எத்தனை தடவை பார்த்துவிட்டோம்!

கரி நெருப்பைச் சட்டியில் போட்டு, கதவை மூடிவிட்டுப் படுப்பது அதைவிட மோசம். கரி எரியும்போது வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். புகை வராத கரிதானே என்று நினைப்பதுதான் ஆபத்து. குளிர் காய்ந்து முடிந்ததும் சட்டி வெளியே போக வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

அப்போ என்னதான் செய்வது? குளிர் நாட்டுக்காரர்கள் பலர் கண்டுபிடித்த பதில், காம்பிராவைச் சூடாக்காதே, ஆளைச் சூடாக்கு என்பது. காஷ்மீரில் பிரம்புக் கூடைக்குள் மண்சட்டி வைத்த காங்கிரியை அங்கிக்குள் வைத்துக்கொள்கிறார்கள். ஜப்பானில் மேசைக்குக் கீழே சூடு வைத்து, மேலே மெத்தை போர்த்தி, குடும்பமே அதற்குள் காலை நீட்டி உட்காரும். நமக்குப் பக்கத்தில் நீலகிரித் தோடர்களின் பழைய வீடு பாருங்க. கூரை வளைந்து தரை வரை இறங்கும், வாசல் தவழ்ந்து நுழையும் அளவுக்குத்தான். உள்ளே வந்த சூடு வெளியே போக வழி குறைவு.

நம்ம கணக்குக்கு வந்தால், ஒன்றரை லீற்றர் தண்ணியைக் கேத்தலில் சுட வைக்க ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் போகும். அடுப்பில் மிச்சச் சூட்டில் வைத்தால் அதுவும் இல்லை. அதை ரப்பர் பேக்கில் ஊற்றித் துணி சுற்றிப் போர்வைக்குள் வைத்தால், வயசானவங்க காலுக்கு ராத்திரி பாதி வரை போதும். சிமெண்டுத் தரையில் படுக்கிறவங்களுக்கு மேலே இன்னொரு போர்வையை விட, பாய்க்குக் கீழே ரெண்டு தட்டு காட்போர்ட்டும் சாக்கும்தான் கூட உதவும், ஏனென்றால் தரை சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நுவரெலியா பேல் பஜாரில் ஜெக்கெட் வாங்கும்போது ஒரு கம்பளித் தொப்பியும் சேர்த்து வாங்குங்க.

அடுப்படியை மறந்த திட்டங்கள்

லயத்தில் சூடான இடம் ஒன்றே ஒன்று, அடுப்படி. பிள்ளைகள் அங்கேதான் படிக்கும். தாத்தா அங்கேதான் உட்காருவார். விடியக் காலை நாலு மணிக்கு எழும்பி அடுப்பு மூட்டும் அம்மா, பெரட்டுக்குப் போகும் வரை அந்தப் புகைக்குள்ளேயே நிற்பார். வீட்டுக்குள் வரும் புகையால் உலகம் முழுக்க 2020இல் மட்டும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அந்தப் புகையை நம்ம அம்மாமார் ஏன் சகித்துக்கொள்கிறார்கள்? விறகு அடுப்பு ரெண்டு வேலை செய்கிறது. சோறு வேகுது, வீடும் கொஞ்சம் சூடாகுது.

"புகையில்லாச் சமையல்" பேசுகிறவர்கள் முதல் வேலையை மட்டும் பார்க்கிறார்கள். கேஸ் அடுப்பு கொடுத்தால் புகை போகும், கூடவே சூடும் போகும். 2022 ஏப்ரலில் 12.5 கிலோ லிட்ரோ சிலிண்டர் 4,860 ரூபாய்க்கு ஏறியது. அன்றைக்கு நாட்சம்பளம் 1,000 ரூபாய். கேஸுக்கு மாறியிருந்த வீடுகள் திரும்பவும் கவ்வாத்து மிலாறு பொறுக்கப் போனதில் என்ன ஆச்சரியம்?

விறகை ஒழிப்பதில்லை நம்ம கேள்வி, புகையை மட்டும் எப்படி வெளியே அனுப்புவது என்பதுதான். இலங்கையிலேயே 1980களில் உருவாகிப் பரவிய "அனகி" மண் அடுப்பு, மூன்று கல் அடுப்பை விட விறகு மிச்சம் பிடிக்கும். அதைச் செங்கல்லும் களிமண்ணும் சேர்த்துத் தடிப்பாகக் கட்டி, மேலே ஒரு புகைபோக்கி வைத்தால், அணைந்த பிறகும் அந்தச் செங்கல் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். விறகை மழையில் நனைய விடாமல் காய வைத்து எரிப்பதே பாதிப் புகையைக் குறைக்கும். இதில் ஒன்றுமே பெரிய விஞ்ஞானம் இல்லை. பங்களாக் குசினியில் நூறு வருசத்துக்கு முன்னாலேயே புகைபோக்கி இருந்தது.

மழைக் குளிருக்கு மருந்து வேறு. அங்கே எதிரி ஈரம். மலையில் நனைந்த உடுப்பு, படங்கு, பள்ளிக்கூட உடுப்பு எல்லாம் காம்பிராவுக்குள் கொடியில் தொங்கும். ஒரு கிலோ தண்ணி ஆவியாக, யூனிட்டில் மூன்றில் ரெண்டு பங்கு சூடு வேணும். மூனு கிலோ ஈரம் என்றால் 2 யூனிட். அந்தச் சூட்டை உடுப்பு எடுத்துக்கொள்வது அந்தக் காம்பிராவில் இருந்துதான், நம்ம உடம்பில் இருந்துதான்.

பிரித்தானியச் சுரங்கத் தொழிலாளர்கள் இதே பிரச்சினையை நூறு வருசத்துக்கு முன்னால் தீர்த்தார்கள். 1920இல் உருவான சுரங்கத் தொழிலாளர் நலன்புரி நிதியில் இருந்து, சுரங்க வாசலிலேயே குளியல் கூடங்கள் கட்டப்பட்டன. ஈர உடுப்பைக் காய வைக்க, சூடான காற்று ஓடும் லொக்கர்களும் அதில் இருந்தன. அந்தக் காலத்தில் இலங்கைத் தோட்டங்களின் முதலாளிகளும் அதே நாட்டுக்காரர்கள்தான். இன்றைக்கு நாம் கேட்க வேண்டியது அதுவே. ஃபேக்டரிச் சூளையில் இருந்து புகைபோக்கி வழியாக வீணாகும் சூட்டை வைத்து ஓர் உலர்த்தும் காம்பிரா. ஃபேக்டரி தூரமான டிவிசன்களில், லயத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கூரை போட்ட ஒரு கொட்டகை.

"முதல்ல காணி, பிறகு சீலிங்"

இதைப் பேசினால் மூன்று பதில் வரும்.

முதல் பதில்: "நம்ம தாத்தா பாட்டி இருக்கலையா, பழகிப்போகும்." அவங்க இருந்தாங்க, உண்மை. எப்படி இருந்தாங்க, எத்தனை பிள்ளைகளைப் புதைச்சாங்க என்பதையும் சேர்த்துக் கேட்கணும். குளிர்காலம் உள்ள நாடுகளுக்கு வீட்டுக்குள் 18 டிகிரி இருப்பது பாதுகாப்பு என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வழிகாட்டியது. நுவரெலியாவில் வருசம் முழுவதுக்குமான சராசரியே 16 டிகிரிக்குக் கிட்டத்தான். வெப்ப நாடு என்ற பேரில் நம்மை யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. லயத்தைக் கட்டியவர்களின் ஊரில் 1997 முதல் முதியவர்களுக்குக் குளிர்கால எரிபொருள் கொடுப்பனவு உண்டு. வீட்டைச் சூடாக வைக்க முடியாத ஏழ்மையை "எரிபொருள் வறுமை" என்று பேர் வைத்து, 2000இல் அதற்கு ஒரு சட்டமே போட்டார்கள். பேர் வைத்தால்தான் பிரச்சினை கண்ணுக்குத் தெரியும். நாம் இன்னும் "குளிர்தானே" என்கிறோம்.

ரெண்டாவது பதில்தான் கனமானது: "லயத்துக்குச் சீலிங் அடிக்கக் கேட்டால் லயத்தையே நிரந்தரமாக்கிடுவாங்க. முதல்ல காணி." இதில் நியாயம் இருக்கிறது. பழைய கூரைக்குப் பதில் புதுத் தகரம் போட்டுவிட்டு, வீட்டுப் பிரச்சினையே தீர்ந்த மாதிரிப் படம் எடுத்த காலங்களை மலையகம் பார்த்திருக்கிறது. லயம் நம்ம பேரில் இல்லாத வரை, ஒரு ஆணி அடிக்கவும் நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். சொந்தச் செலவில் சீலிங் அடித்தவரை "யாரைக் கேட்டு அடிச்சே?" என்று கூப்பிட்டு விசாரித்த கதைகள் நமக்குத் தெரியும். காணி இல்லாமல் சூடு கூட நம்ம கையில் இல்லை என்பது சரி.

ஆனால் காணி வரும் வரை இந்த வருசத்துத் தை மாசம் காத்திருக்காது. ஒரு கைக்குழந்தைக்கு இந்தக் குளிர்காலம்தான் முதல் குளிர்காலம். அதனால் ரெண்டையும் சேர்த்தே கேட்கணும். லயத்தில் செய்யும் எந்தத் திருத்தமும் புது வீட்டுக்கான உரிமையைக் குறைக்காது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு கேட்கணும்.

புது வீட்டிலும் ஒரு கேள்வி இருக்கிறது. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி நோர்வூட்டுக்கு வந்து, ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்த 4,000 வீடுகளுக்கு மேல் இன்னும் 10,000 என்று சொல்லிவிட்டுப் போனார். அதில் இருந்து நம்ம பேச்சு எல்லாம் எத்தனை வீடு, எத்தனை பேர்ச், எத்தனை சதுர அடி என்றே போகிறது. 7 பேர்ச், 550 சதுர அடி என்று எல்லாருக்கும் மனப்பாடம். அந்த வீட்டில் விடியக் காலை நாலு மணிக்கு எத்தனை டிகிரி இருக்கும் என்று எந்த மேடையிலும் யாரும் கேட்டதாகக் காணோம். 6,000 அடி உயரத்தில் கட்டுகிற வீட்டுக்குக் கட்டாயச் சீலிங், காலை வெயில் உள்ளே விழும் பக்கம் ஜன்னல், புகைபோக்கி வைத்த அடுப்படி, உடுப்பு காய ஓர் இடம். இவ்வளவும் வரைபடத்திலேயே இருக்கணும். வீடு எழும்பிய பிறகு சேர்ப்பது என்றால் செலவு அந்தக் குடும்பத்தின் தலையில்தான் விழும்.

மூன்றாவது பதில் "காசு எங்கே?" என்பது. ஒரு காம்பிராவுக்குச் சீலிங் அடிக்க ஆகும் காசை, ஒரு குடும்பம் மாசத்துக்கு 300 யூனிட் ஹீட்டர் ஓட்டினால் ஆகும் காசோடு வைத்துப் பாருங்க. ஹீட்டர் பில் ஒவ்வொரு மாசமும் வரும். சீலிங் ஒரு தடவைதான். ஒன்று மட்டும் கவனம்: ரெஜிஃபோம் மலிவு என்று அடுப்படிக்கு மேலே அடித்துவிடாதீங்க. நெருப்பு பட்டால் உருகி எரிந்து விசப்புகை விடும். எரியாத பலகை சீட்டுத்தான் வேணும்.

எண்ணோடு போவோம்

நம்மிடம் வாயால் சொல்லும் குளிர் நிறைய இருக்கிறது. அதை எண்ணாக மாற்றுவது நம்ம தலைமுறையால் முடிகிற வேலை. அறை வெப்பமானி ஒன்று வாங்குவது பெரிய செலவில்லை, ஒரு லயத்துக்கு ஒன்று போதும். வருகிற தை மாசம் ஏழு ராத்திரி, விடியக் காலை நாலு மணிக்கு உள்ளே எத்தனை, வெளியே எத்தனை என்று கொப்பியில் எழுதுங்க. சீலிங் உள்ள காம்பிரா, இல்லாத காம்பிரா, புது வீடு என்று பிரித்து எழுதுங்க. ஆடியில் இன்னும் ஏழு நாள், உடுப்பு காய எத்தனை நாள் எடுத்தது என்று எழுதுங்க. பிள்ளைக் காம்பிராவையும் மறக்காதீங்க. அம்மாமார் மலைக்குப் போனதும் நம்ம சின்னதுகள் பகல் முழுக்க இருப்பது அங்கேதான்.

அந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டு தோட்ட நிர்வாகத்திடம், பிரதேச சபையிடம், வீடமைப்பு அமைச்சிடம் போவோம். "ரொம்பக் குளிருதுங்க" என்றால் சிரித்துக்கொண்டே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிடலாம். "எட்டாம் நம்பர் லயத்தில் ஏழு ராத்திரியும் பத்து டிகிரிக்குக் கீழே, உள்ளே ஒரு கைக்குழந்தை" என்று தேதி போட்டு எழுதிய பக்கத்தை அப்படி அனுப்பிவிட முடியாது.